கூரையை வெட்டுவதற்கு முன்

இன்றைய கார் மோதினால் நொறுங்க வேண்டும் என்றே வடிவமைக்கப்படுகிறது. விபத்துச் செய்தியோடு வரும் படத்தில் முன்பக்கம் உருத்தெரியாமல் மடங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘அந்தக் காலத்து அம்பாசிடர் என்றால் இரும்பு, இதெல்லாம் வெறும் தகரம்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இயற்பியல் வேறு கணக்குச் சொல்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவதும், 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்றுதான். அது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி உயரம். வேகம் 100 ஆகும்போது அந்த உயரம் 39 மீட்டராகிவிடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது, அந்த ஆற்றல் எங்கேயாவது செலவாகியே தீர வேண்டும். முன்பக்க உலோகம் அரை மீட்டர் மடங்கி வண்டி நின்றால், பெல்ட் போட்டு உள்ளே இருப்பவரின் உடல் தாங்க வேண்டிய விசை அவருடைய எடையைப் போல சுமார் 28 மடங்கு. உலோகம் மடங்காமல் 5 சென்டிமீட்டரிலேயே வண்டி நின்றுவிட்டால் அது 280 மடங்கு. முதலாவதில் உயிர் பிழைக்க வழியுண்டு. இரண்டாவதில் இல்லை.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பாரெனி என்ற பொறியாளர் இதைப் புரிந்துகொண்டவர்களில் முன்னோடி. முன்னும் பின்னும் மடங்க வேண்டும், நடுவே ஆட்கள் உட்காரும் அறை மட்டும் குலையாமல் நிற்க வேண்டும் என்ற அவருடைய யோசனைக்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1959இல் அது விற்பனைக்கு வந்த காரிலேயே இடம்பெற்றது. அதற்குப் பிறகு அந்த நடு அறை ஆண்டுக்காண்டு உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு அந்த இடத்திலேயே இறந்திருக்கக் கூடியவர் இப்போது உயிரோடு இருக்கிறார். ஆனால் கதவு திறக்கவில்லை, கால் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறது, சுற்றிலும் மிக உறுதியான எஃகு. காரைப் பாதுகாப்பாக்கிய அதே முன்னேற்றம்தான் மீட்பைக் கடினமாக்கியிருக்கிறது. தீயணைப்பு வீரரின் வேலை இங்கே தொடங்குகிறது.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின, 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறந்தவர்களில் மற்ற எந்த வகையினரையும்விட அதிகம் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், அவர்களை இரும்புக்குள்ளிருந்து மீட்க வேண்டிய தேவை அரிது. ஆனால் காரிலும் வேனிலும் லாரியிலும் சிக்குகிறவர்களுக்கு, மோதிய நொடிக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடையில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம். ‘நீண்ட போராட்டத்துக்குப் பின் மீட்டனர்’ என்ற செய்திவரிக்குள் அந்த நேரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அந்தப் போராட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை விரித்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முறையாகப் பயிற்சி பெற்ற அணியின் வண்டி, விபத்தான காரின் பக்கத்தில் போய் ஒட்டி நிற்காது. மற்ற வாகனங்கள் வரும் திசையில், சற்றுத் தள்ளி, சாலையை மறித்துச் சாய்வாக நிற்கும். தூக்கக் கலக்கத்தில் இன்னொரு லாரி வந்தால் அது முதலில் இடிக்க வேண்டியது பல டன் எடையுள்ள தீயணைப்பு வண்டியை. பிறகு ஒருவர் காரை ஒட்டியும், மற்றொருவர் சற்று விலகிப் பெரிய வட்டமாகவும் சுற்றி வருவார்கள். எரிபொருள் கசிகிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, உள்ளே எத்தனை பேர், வெளியே தூக்கியெறியப்பட்டு புதரில் கிடப்பவர் யாராவது உண்டா என்று பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னது அடிக்கடி தவறிப்போகிற ஒன்று. எல்லோரும் காரையே பார்த்துக்கொண்டிருக்க, கதவு வழியே வெளியே வீசப்பட்டவர் பத்தடி தள்ளி இருட்டில் கிடப்பார்.

அடுத்த வேலை கட்டை போடுவது. மேட்டில் நிறுத்திய லாரிக்குக் கிளீனர் கட்டை போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே காரின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் இடையில் படிப்படியான கட்டைகளையும் ஆப்புகளையும் நான்கு இடங்களில் இறுக்கமாகச் செருகுகிறார்கள். கார் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பொருள். ஒருவர் கதவைப் பிடித்து இழுத்தாலே அது ஆடும், அந்த ஆட்டம் உள்ளே எலும்பு முறிந்து கிடப்பவரின் உடம்பில் போய் முடியும். கூரையையும் தூண்களையும் வெட்ட ஆரம்பித்த பிறகு வண்டியின் எடை எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் கவிழ்ந்த வண்டி என்றால் முட்டுக்கால் கொடுத்து, பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். இதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அந்த ஓரிரு நிமிடம் பொறுக்காது. ‘ஆளைத் தூக்காமல் கட்டையை வைத்து விளையாடுகிறார்கள்’ என்று கத்துவார்கள்.

அதே நேரத்தில் ஒருவர் காருக்குள் நுழைந்துவிடுவார். திறக்கும் கதவு எது, பின்கதவு வழியாகப் போக முடியுமா என்று பார்த்து, எப்படியாவது காயம்பட்டவரின் அருகில் ஓர் ஆள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எஞ்சினை அணைத்து, பேட்டரியின் இணைப்பை, முதலில் நெகட்டிவ் முனையை, கழற்ற வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. சீட் மின்சாரத்தில் நகரும் வகை என்றால், பேட்டரியைத் துண்டிக்கும் முன்பே ஒரு பொத்தானை அழுத்தி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அரை மணி நேரம் இரும்பு வெட்டிக் கிடைக்கும் இடம் சில நேரம் ஒரு பொத்தானில் கிடைத்துவிடும். சாதாரண சீட்டாக இருந்தால் அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். வெட்டும் கருவியைக் கையில் எடுத்தவர் இந்த எளிய வழியை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே பயிற்சிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இனி கருவிகள். 1960களில் அமெரிக்காவில் கார்ப் பந்தய உதிரிபாகங்கள் தயாரித்து வந்த ஜார்ஜ் ஹர்ஸ்ட், மோதி நொறுங்கிய பந்தயக் காரிலிருந்து ஓட்டுநரை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதைப் பார்த்து ஒரு ஹைட்ராலிக் கருவியை உருவாக்கினார். அதுவரை கையில் இருந்தவை கடப்பாரையும் சுழலும் ரம்பமும்தான். ரம்பம் தீப்பொறி கக்கும், பெட்ரோல் கசியும் இடத்தில் அதை இயக்குவது தற்கொலைக்கு ஒப்பானது. நம் ஊரில் கேஸ் கட்டரைக் கொண்டுவந்து லாரிக் கேபினை வெட்டும் காட்சிகள் இன்றும் உண்டு. அதே ஆபத்துதான் இதிலும். ஹைட்ராலிக் கருவி பொறி எழுப்பாது, சத்தம் குறைவு, அதிர்வும் குறைவு.

கருவிகள் மூன்று வகை. கட்டர் பார்வைக்குப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும். ஸ்பிரெடர் நுனியில் மெலிந்த இரண்டு தாடைகளை விரித்து, நெரிந்த கதவைக் கீலோடு பிய்க்கும். ராம் என்பது நீளும் உருளைத் தண்டு, டேஷ்போர்டை முன்னுக்குத் தள்ள அது வேண்டும். மூன்றையும் இயக்குவது பாஸ்கல் விதி: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும். இன்றைய கருவிகள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தம் 700 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 700 கிலோ எடை உட்கார்ந்திருப்பதற்குச் சமம். 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் மேல் அந்த அழுத்தம் பட்டால் 35 டன் விசை கிடைக்கும். ஒரு மனிதர் கையில் ஏந்தி நிற்கும் கருவியிலிருந்து இவ்வளவு விசை வருகிறது. முன்பு இதற்குத் தனியே ஒரு எஞ்சினும் பம்பும் நீண்ட குழாயும் தேவைப்பட்டன. இப்போது பேட்டரியில் இயங்கும் கருவிகள் வந்துவிட்டன. சாலையிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் உருண்டு கிடக்கும் வண்டிக்கு இது பெரிய வரம், குழாயை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விசை இருந்தும் போதவில்லை என்பதுதான் கடந்த இருபதாண்டுகளின் அனுபவம். சாதாரண எஃகோடு மிகச் சிறிதளவு போரான் சேர்த்து, சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி, குளிர்விக்கப்பட்ட அச்சில் அழுத்தி உடனே ஆறவைத்தால் கிடைக்கும் எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 1,500 நியூட்டன் வரை இழுவிசை தாங்கும். பழைய கார்களின் சாதாரண எஃகு தாங்கியது அதில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. கார்களின் நடுத் தூணிலும், கூரையின் ஓரத்திலும், கதவுக்கு உள்ளே குறுக்காகவும் இந்த எஃகு வருகிறது. பழைய கட்டரின் அலகு அதில் பட்டால் அலகுதான் உடையும், உடைந்த துண்டு தெறிக்கும். எனவே கருவியின் பலத்தை மட்டும் நம்பாமல், எங்கே வெட்டக் கூடாது என்ற அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தூணை வெட்ட முடியாவிட்டால் கீலைப் பிய்க்கலாம், தூணின் அடியில் மென்மையான தளத்தகட்டை வெட்டித் தூணை முழுசாகச் சாய்த்துவிடலாம்.

வெட்டக் கூடாத இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும் ஏர்பேக்குகளில் சில, அந்த மோதலில் விரியாமல் மிச்சமிருக்கும். பக்கத்தில் மோதப்பட்ட காரில் முன்பக்க ஏர்பேக் அப்படியே இருக்கலாம். மீட்பு நடக்கும்போது அது வெடித்து விரிந்தால், ஸ்டியரிங்குக்கும் காயம்பட்டவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருக்கும் வீரரின் கழுத்து முறியலாம். ஜன்னலுக்கு மேலே திரைபோல இறங்கும் ஏர்பேக்குக்கு, உயர் அழுத்த வாயு அடைத்த ஒரு சிறு உருளை கூரையோரத்திலோ பின்தூணிலோ பதிந்திருக்கும். அதைக் கட்டர் கடித்தால் உருளை வெடிக்கும். அதனால் வெட்டும் முன் உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பை எல்லா இடத்திலும் பிய்த்து எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. பேட்டரியைத் துண்டித்தாலும் சிறிது நேரம் மின்னூட்டம் தேங்கி நிற்கும். விரியாத ஏர்பேக்கிலிருந்து விலகி வேலை செய்ய வேண்டிய தூரத்தையும் கற்றுத் தருகிறார்கள்: பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர், ஸ்டியரிங்கிலிருந்து 25, முன்பக்கப் பயணியின் டேஷ்போர்டிலிருந்து 50.

இந்தியாவில் 2019 ஜூலை முதல்தான் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. நம் சாலையில் ஏர்பேக்கே இல்லாத காரும் ஆறு ஏர்பேக் கொண்ட காரும் அடுத்தடுத்து ஓடுகின்றன. சி.என்.ஜி. கார் என்றால் டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் வாயு உருளை இருக்கும். மின்சாரக் கார் என்றால் தரைக்கடியில் 400 வோல்ட்டோ 800 வோல்ட்டோ தாங்கிய பேட்டரி, ஆரஞ்சு நிற வயர்கள். அந்த பேட்டரி தீப்பிடித்து அணைந்த பிறகு மணிக்கணக்கு கழித்தும் மறுபடி பற்றக்கூடியது. எஞ்சின் சத்தமில்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. ஐரோப்பாவில் இதற்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. எந்த மாடலில் எங்கே என்ன இருக்கிறது என்று ஒரே தாளில் வரைந்து காட்டும் மீட்புக் குறிப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17840 என்ற தரநிலை உள்ளது. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2020இல் அவற்றைக் கைப்பேசிச் செயலியாகவே தந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் 2013 முதல் பெட்ரோல் மூடிக்கு உள்ளேயும் நடுத் தூணிலும் க்யூ.ஆர். வில்லை ஒட்டி வருகிறது. வீரர் அதைப் படம்பிடித்தால் அந்தக் காரின் உள்வரைபடம் கையில் வந்துவிடும்.

நம் லாரிகளுக்கு இப்படிப்பட்ட வரைபடம் கிடைப்பது அரிது. நம் ஊரில் பழைய லாரிகள் பலவும் எஞ்சினும் சேஸிசுமாக வாங்கப்பட்டு, நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் ஓட்டுநர் அறை கட்டப்பட்டவை. முன்னால் மடங்குவதற்கு மூக்கே இல்லாத தட்டையான முகம். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்னால் இன்னொரு லாரி மோதினால், ஓட்டுநரின் நெஞ்சுக்கும் தொடைக்கும் எதிரே ஸ்டியரிங் வந்து உட்கார்ந்துவிடும், கால்கள் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அவர் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே இருப்பதால், வீரர்கள் முதலில் நிற்பதற்கே ஒரு மேடை அமைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி முன்பக்கத்தை இழுத்துப் பிரிப்பது வழக்கமாக இருக்கிறது. இழுக்கும்போது எந்தப் பக்கம் வளையும், எது ஓட்டுநரின் கால்மேல் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ராம் வைத்துத் தள்ளினால் ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தள்ளலாம், வேண்டியபோது நிறுத்தலாம். நம் நெடுஞ்சாலையோர நிலையங்களுக்கு எல்லாக் கருவியிலும் முதலில் வேண்டியது ராம்தான் என்பது என் கருத்து.

கருவியை விட்டுவிட்டு இப்போது உள்ளே இருக்கும் மனிதரிடம் வருவோம். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் மீட்புப் பயிற்சியின் அடிப்படை ஒரே அச்சம்தான்: தண்டுவடம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், சிறிதளவு அசைவிலும் தண்டுவடம் நசுங்கி அவர் ஆயுளுக்கும் படுக்கையில் விழுந்துவிடலாம். ஆகவே கழுத்துப் பட்டை போடு, தலையை அசையாமல் பிடி, காரிலிருந்து ஆளை எடுக்காதே, ஆளைச் சுற்றியிருக்கும் காரை எடுத்துவிடு. கூரை முழுவதையும் கழற்றி, முதுகுக்குப் பின்னால் பலகையைச் செருகி, நேர்கோட்டில் மேலே இழுத்தெடு. இந்த முறை பார்க்க மிக நேர்த்தியாக இருக்கும். மீட்புப் போட்டிகளில் பரிசு வாங்கும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும்.

அந்த அரை மணி நேரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. பால்டிமோரில் அதிர்ச்சிக் காயச் சிகிச்சையை உருவாக்கிய மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கவ்லி, காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்று பேசத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் அதற்கு ஒரு வரையறையே தந்திருக்கிறது. அறுபது நிமிடம் என்பது துல்லியமான கோடு கிடையாது, ஆனால் இரத்தப்போக்கு காத்திருக்காது. பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் இரத்தம். தொடையெலும்பு ஒன்று முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் தொடைக்குள்ளேயே கசிந்துவிடலாம், இடுப்பெலும்பு உடைந்தால் இன்னும் அதிகம். வயிற்றுக்குள் ஒழுகும் இரத்தத்தைச் சாலையில் யாராலும் நிறுத்த முடியாது. அறுவை அரங்கில்தான் முடியும்.

பிரிட்டனில் டிம் நட்பீம் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைக் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். 2012 முதல் 2018 வரையிலான விபத்துக் காயப் பதிவேட்டில் சாலை மோதலில் அடிபட்ட 63,625 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 6,983 பேர் வண்டிக்குள் சிக்கியவர்கள். சிக்காதவர்களில் நூற்றுக்கு 5 பேர் இறந்திருந்தார்கள், சிக்கியவர்களில் 8.9 பேர். சிக்கியவர்களில் தண்டுவடக் காயம் இருந்தவர்களோ ஆயிரத்துக்கு ஏழு பேர்தான். நெஞ்சு, வயிறு, தலை, இடுப்பு என்று நேரத்தோடு போட்டியிடும் காயங்கள் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். சிக்குகிறவர்கள் கடுமையான மோதலில்தான் சிக்குகிறார்கள் என்பதால் இறப்பின் வித்தியாசம் முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் ஆயிரத்தில் ஏழு பேருக்காக வகுத்த நிதானத்தை மீதி 993 பேர்மீதும் சுமத்திக்கொண்டிருந்தோம் என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை.

அந்த ஏழு பேருக்காவது அந்த நிதானம் உதவியதா? இதற்கு வந்த விடைதான் எனக்கு இந்தத் துறையிலேயே வியப்பான செய்தி. 2014இல் வெளியான அயர்லாந்து ஆய்வு ஒன்றில், கார் ஒன்றில் உட்காரவைத்தவரின் கழுத்து அசைவை அளந்தார்கள். வழக்கமான கருவி முறைகளில் வெளியே எடுத்தபோது, அவரே சொன்னபடி கேட்டு மெல்ல இறங்கி வந்ததைவிட நான்கு மடங்கு வரை கழுத்து அதிகமாக அசைந்தது. பிறகு நட்பீம் குழுவும் உடலில் உணர்கருவிகள் பொருத்திய ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்து, கூரையைக் கழற்றுவது, பக்கவாட்டைத் திறப்பது, வேகமாக இழுத்தெடுப்பது, தானே இறங்குவது என்று ஒப்பிட்டுப் பார்த்தது. தானே இறங்கியதில்தான் அசைவு மிகக் குறைவு. காரணத்தை யோசித்தால் புரிகிறது. வலிக்கும் கழுத்தை அதன் சொந்தக்காரர் எப்படிக் காப்பாற்றிக்கொள்வாரோ, அப்படி நான்கு பேர் சேர்ந்து பலகை வைத்தாலும் காப்பாற்ற முடியாது. தசைகள் தாமாகவே இறுகிப் பாதுகாக்கின்றன.

சிக்கியவர் என்று நாம் சொல்கிறவர்களில் கணிசமானோரை இரும்பு பிடித்திருப்பதில்லை. கதவு நெரிந்திருக்கும், அல்லது வலியாலும் பயத்தாலும் அசையாமல் இருப்பார்கள், அல்லது ‘ஆடாமல் இருங்கள்’ என்று வெளியிலிருந்து யாரோ சொன்னதால் ஆடாமல் இருப்பார்கள். இப்போது பிரிட்டனில் வழிகாட்டுதல்கள் மாறி வருகின்றன. பேச்சைப் புரிந்துகொள்கிறார், கால்களை அசைக்கிறார், ஒரு காலிலாவது நிற்க முடியும், உடம்பில் எதுவும் குத்திச் சொருகியிருக்கவில்லை என்றால், கதவைத் திறந்து கொடுத்து அவரையே மெதுவாக இறங்கச் சொல்லலாம். வலி கூடினாலோ கால் மரத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். முடியாதவர்களுக்கு, தேவையான அளவு மட்டும் வழி உண்டாக்கி, மென்மையாகவும் சீக்கிரமாகவும் எடுக்க வேண்டும். மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கும், தீ நெருங்குபவருக்கும் இந்த நிதானம் எதுவும் பொருந்தாது. அவர்களை உடனே இழுத்தாக வேண்டும்.

அவசரமே ஆபத்தாகும் ஒரு நிலைமையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு பொழிந்த நாட்களில், இடிபாடுகளில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இருவர் 1941இல் அதை விரிவாகப் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசை செத்து, அதிலுள்ள பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் தேங்கி நிற்கும். பாரத்தைத் தூக்கியதும் எல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். எனவே லாரி ஓட்டுநரின் கால் நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்தால், பாரத்தைத் தூக்கும் முன்பே கையில் ஊசி ஏற்றி உப்புநீர் செலுத்தத் தொடங்குவது நல்லது. ராமை இயக்குபவரும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்து வேலை செய்ய வேண்டிய தருணம் அது. நம் ஊரில் 108ம் தீயணைப்பும் தனித்தனித் துறைகள். இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கம் பெருகினால் இந்த ஒரு விஷயத்திலேயே உயிர்கள் மிஞ்சும்.

நட்பீம் குழு, சிக்கி மீண்டவர்களிடமும் பேசியது. அவர்கள் நினைவில் வைத்திருந்தது கருவியை அல்ல. தங்கள் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி அழைத்து, அடுத்து என்ன சத்தம் வரும், ஏன் வரும் என்று சொல்லிக்கொண்டே கூட இருந்த ஒரே ஒரு ஆளை. கூட வந்த பிள்ளை எங்கே, மனைவி எங்கே என்ற கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா என்பதை. அவர்களைப் புண்படுத்தியவற்றில் ஒன்று, சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தது. இதைப் படித்தபோது நம் ஊர் விபத்துக் காணொளிகள் எல்லாம் கண்முன் வந்து போயின. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு நாம் எடுப்பது தெரிகிறது.

நம் மக்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் முதலில் ஓடி வருவது பக்கத்து வயலில் வேலை செய்பவர், டீக்கடைக்காரர், பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர். மேலைநாட்டின் குறை அதீத நிதானம் என்றால் நம்முடைய குறை அதீத வேகம். கையைப் பிடித்து ஒருவர், காலைப் பிடித்து ஒருவர், ஜன்னல் வழியாக ஆளை உருவி, மடக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் கிடத்திவிடுவோம். தீயோ புகையோ இல்லாதபோது, மூச்சும் பேச்சும் இருக்கும்போது, அந்த உருவல் தேவையில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கலாம், வருகிற வண்டிகளை நிறுத்தலாம், 108க்கோ 112க்கோ அழைத்து ‘ஆள் உள்ளே மாட்டியிருக்கிறார்’ என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். இரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கலாம், போர்த்திவிடலாம். வெயில் ஊரிலும் இரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்துவிடும், குளிர்ந்த இரத்தம் சரியாக உறையாது. உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, தமிழக அரசு ஏற்கிறது.

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வீரர்களுக்கு இவை எல்லாவற்றையும் கற்றுத்தர முடியும், ஆனால் எதில் கற்றுத்தருவது என்பதுதான் சிக்கல். மீட்புப் பயிற்சிக்கு எளிதில் கிடைப்பது காயலான் கடைக்குப் போகும் இருபது வயதுக் கார். அதில் போரான் எஃகு இல்லை, ஏர்பேக் இல்லை, உயர் அழுத்த உருளை இல்லை, ஆரஞ்சு வயரும் இல்லை. கட்டரை வைத்தால் வெண்ணெயாக வெட்டும், தவறான தைரியமும் வந்துவிடும். இன்னொரு பக்கம், இரண்டு மூன்று ஆண்டே ஓடி விபத்தில் நொறுங்கி, ‘முழு இழப்பு’ என்று இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கணக்கு முடித்த கார்கள் யார்டுகளில் துருப்பிடிக்கின்றன. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டை அவர்கள் தீயணைப்பு நிலையங்களுக்குக் கொடுக்கலாம், கார் நிறுவனங்கள் தங்கள் மாடல்களின் மீட்புக் குறிப்பைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். வீரர்கள் உள்மறைப்பைப் பிய்த்து உருளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடட்டும், 108 உதவியாளர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் காயம்பட்டவராக உட்கார்ந்து பழகட்டும். அவர் இறங்கிப் போன பிறகு, நிலையத்தில் இருக்கும் கட்டர் அந்த நடுத் தூணை வெட்டுமா வெட்டாதா என்பதை ஆளில்லாத அந்த வண்டியிலேயே வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.